நிகர எடை

நெல்லிக்குப்பம் சாலை எடைமேடையில்
ஐந்து வருஷம் சீட்டு கிழித்தவள் நான்.
கரும்பு லாரி ஏறி நிற்கும்.
சக்கரம் கோட்டைத் தாண்டினால்
"பின்னாடி போ" என்று கண்ணாடியைத் தட்டுவேன்.
மொத்த எடை.
இறக்கிவிட்டு வந்தால் காலி வண்டி எடை.
கழித்தால் வருவது கரும்பு.
எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

பனிக்குடம் உடைந்ததும் அந்த நாற்காலியில்தான்.
தண்ணீர் பாட்டில் கவிழ்ந்ததென்று
ரசீதுப் புத்தகத்தை அவசரமாகத் தூக்கி மேலே வைத்தேன்.
பாட்டில் மூடியபடி இருந்தது.

மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரி.
குணாளனை வாசலோடு நிறுத்திவிட்டார்கள்,
அவன் கையில் என் வளையல், என் செருப்பு,
பாதி குடித்த இளநீர்.
உள்ளே போனதும் என் பேர் போய்விட்டது.
"ஏழாம் பெட்டு, கால மடக்கு."
"ஏழாம் பெட்டு, இப்ப முக்காத, சொன்னா கேளு."

வலியைப் பற்றி யாரும் பொய் சொல்லவில்லை.
எங்கே என்றுதான் சொல்லவில்லை.
வயிறு என்று நினைத்திருந்தேன்.
இடுப்பில், தொடையில், கடைவாய்ப் பல்லில்கூட.
கெடிலத்தில் வெள்ளம் போகும்போது
பாலத்தூணில் மரக்கட்டை வந்து வந்து மோதுமே,
அது, உள்ளிருந்து.
இரண்டு மோதலுக்கு நடுவே
ஒன்றுமே நடக்காததுபோல் கிடப்பேன்.
போன மாதக் கரண்ட் பில் கட்டினோமா
என்று யோசித்தேன் ஒருமுறை.

பக்கத்துக் கட்டிலில் பரங்கிப்பேட்டை ஜரீனா,
மூன்றாவது பிள்ளை.
கம்பியைப் பிடித்துக்கொண்டு
கொடுக்கல் வாங்கல் கணக்குப் பார்ப்பவள்போல்
முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.
"எப்பிடிக்கா கத்தாம இருக்கீங்க?"
"ரெண்டு தடவ கத்திப் பாத்தேன். பிரயோசனமில்ல."
சிரித்தேன்.
சிரித்த இடத்திலேயே அடுத்தது பிடித்தது.

வயிற்றில் பெல்ட் கட்டிய மெஷினில்
அதன் துடிப்பு எண்ணாக ஓடியது.
நூற்று நாற்பது, நூற்று முப்பத்தெட்டு.
எண்ணைப் பார்த்தே சம்பளம் வாங்கியவள்,
கண்ணை எடுக்கவில்லை.
இரண்டு மணிக்கு நூற்றுப் பத்து.
ஆரோக்கியமேரி சிஸ்டர் பேச்சை நிறுத்தினார்.
"இடதுபக்கம் திரும்பிப் படும்மா."
முதல்முறையாக ஒரு "ம்மா".
அதற்குத்தான் நடுங்கினேன்.

நூற்றுப் பதினெட்டு.
நூற்று முப்பத்தொன்று.

கடைசி அரைமணி சரியாக ஞாபகமில்லை.
குணாளனைத் திட்டினேன், அவன் அப்பாவை,
எதிர்ச்சுவர்க் காலண்டரில் சிரித்த நகைக்கடைக்காரியை.
கத்தரிக்கோல் சத்தம் கேட்டது,
கத்தரித்தது தெரியவில்லை.
மேடையை விட்டு லாரி இறங்கியதும்
எண்கள் மளமளவென்று சரியுமே,
அப்படிச் சரிந்தேன்.

அது அழவில்லை.
எண்ண ஆரம்பித்தேன்.
பதினொன்று வரை எண்ணினேன்.
பன்னிரண்டை அது சொன்னது.

"பொண்ணு. ரெண்டு கிலோ எழுநூத்தி அறுபது."
தராசு பூஜ்யத்தில் நின்றபிறகுதானே வைத்தீர்கள்
என்று கேட்டேனாம்.
வார்டே சிரித்ததாம்.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது.
மார்பில் வைத்தபோது எனக்கு ஒன்றும் பொங்கவில்லை.
பசித்தது. டீயும் பன்னும் கேட்டேன்.
சப்பை மூக்கும் சுரைக்காய்த் தலையுமாக
யாருடைய பிள்ளையையோ
என்மேல் மாற்றி வைத்துவிட்டதுபோல் இருந்தது.

விடிகாலை, திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் ரயில் ஊதியது.
அவள் தும்மினாள்.
தும்மிவிட்டு, யார் வேலை இது என்பதுபோல்
புருவமில்லாத நெற்றியைச் சுருக்கினாள்.
அங்கேதான் எனக்குக் கணக்கு உதைத்தது.

மறுநாள் வராந்தா மெஷினில் ஏறி நின்றேன்.
போன வாரம் அறுபத்து மூன்றரை.
இன்று ஐம்பத்தெட்டு.
கழித்தால் ஐந்தரை.
அதில் அவள் இரண்டே முக்கால்.
மிச்சம் நீர், ரத்தம், நஞ்சு என்கிறார் சிஸ்டர்.
இருக்கலாம்.
சீட்டில் என்ன எழுதுவதென்று தெரியாமல்
மேடையிலேயே நிற்கிறேன்.
பின்னால் ஜரீனா, கையில் பையனோடு:
"எறங்கு தாயி, அடுத்த வண்டி நிக்குது."