ஐந்தாவது தலை

தூங்கும்போதுதான் அளவெடுக்க முடியும்
ஜோயலுக்கு.
காதுக்கு மேலாக நூலைச் சுற்றினால்
போன டிசம்பரில் போட்ட முடிச்சைத் தாண்டி
இரண்டு விரற்கடை வளர்ந்திருக்கிறது
கணக்கு ஏறாத தலை.

கெசியாவின் பழைய தோள்போர்வையைப் பிரித்தேன்.
முழங்கை வெளியே தெரிகிறதாம்,
சிரிக்கிறார்களாம்.
பிரித்த கம்பளி நிமிரவில்லை,
இடியாப்பச் சிக்கலாய்
ஒவ்வொரு கண்ணியின் வளைவையும் வைத்துக்கொண்டிருந்தது.
வெந்நீர் ஆவியில் காட்டினேன்.
விடியவிடிய கேரட் கழுவிய விரல்களும்
அந்த ஆவியில்தான் மடங்கின.

முத்தோரை பாலாடாவில்
இரவு இரண்டுக்கு லாரி கிளம்பும்.
புல்லெல்லாம் உறைபனி.
எபநேசருக்குப் பச்சைக் குல்லா,
அதே பச்சையில் தோளுக்கும் ஒன்று.
"பொன்னாடையா? மாலை எங்கே?" என்றார்.
நெற்றிப் பக்கம் ஒரு கண்ணி நழுவியிருந்தது.
நான் சொல்லவில்லை.
ஜோயல்தான் அதில் சுண்டுவிரலை விட்டு
ஆட்டிக் காட்டினான்.

பர்லியாறு வந்தால் வேர்த்துவிடுமாம்.
கழற்றி, கியர் கம்பியின் மேல் மாட்டிவிடுவாராம்.
மேட்டுப்பாளையம் மண்டியில்
மூட்டை இறங்கும்வரை
வண்டிக்கு அதுதான் காவல்.
வீடு திரும்பும்போது
குல்லாவில் டீசல் வாசம்,
உள்ளே இன்னும் இன்ஜின் சூடு.

மிஞ்சிய நூலில்
உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று போட்டேன்.
"பொம்மைக்கா?" என்றாள் கெசியா.
"இல்லடி, நம்ம வீட்டில்
ஐந்தாவதாய் ஒரு தலை இருக்கிறது.
மலை இறங்கும்போதெல்லாம்
அப்பாவின் கை அதன்மேல்தான்."

அதற்கு மட்டும் அளவெடுக்கவில்லை.
மறுநாள் சாயங்காலம் வந்து,
"கொஞ்சம் இறுக்கம்" என்றார்.
கழற்றவில்லையாம்.