இரவல் கொடி

நூற்று எண்பத்தேழு பேர், இரண்டு நாய்கள்.
ஒலிபெருக்கி நாய்களையும் சேர்த்துத்தான் கணக்குச் சொல்லும்.
ஸ்கெல்தார்ப் டவுன், பட்டியலில் கீழிருந்து மூன்றாவது.
எதிரே வின்ஷா ரோவர்ஸ், கீழிருந்து இரண்டாவது.
நவம்பர் மாதம். கம்பளக் கிடங்குக்குப் பின்னால்
ஒரு பக்கமாகச் சரிந்த மைதானம்.
மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஆடும் பாதியில்
நாங்களும் கொஞ்சம் பிரேசில்தான்.

பத்தொன்பது வருடமாக நான் நிற்கும் இடம் ஒன்றே:
டீக்கடைச் சன்னலுக்கும் ஒழுகும் தகரத்துக்கும் நடுவில்.
லைன்ஸ்மேனின் பிடரி அங்கிருந்து
கைக்கெட்டும் தூரம்.
வாய்க்கெட்டும் தூரம் என்பதே சரி.

எத்தனை பிடரிகள் பார்த்திருக்கிறேன்.
முடிவெட்டிய மறுநாளே வந்தவை,
வெயிலே காணாதவை,
"கண்ணை வீட்டுல கழட்டி வச்சுட்டு வந்தியா?"
என்று நான் கேட்டதும்
அடியிலிருந்து மெல்லச் சிவந்து ஏறியவை.
திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு.
அதை நம்பித்தான் என் வீரமெல்லாம்.

இன்றைய பிடரிக்கு இருபது வயதிருக்கும்.
முப்பத்தோராம் நிமிடம்
கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தான்.
கைதட்டினோம். இரக்கத்தால் அல்ல.

ஒலிபெருக்கி கரகரத்தது:
கூட்டத்தில் யாரிடமாவது நடுவர் சான்றிதழ் உண்டா?

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்.
என்னிடம் உண்டு.
ஆறு செவ்வாய்க்கிழமை, யாருக்கும் சொல்லாமல்,
குழந்தைகள் நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து
விதிகளைப் படித்து வாங்கியது.
இன்னும் சரியாகத் திட்ட வேண்டுமே.

"எதுக்கு இப்ப கையைத் தூக்கற?" என்றாள் க்வென்டா.
டீக்கடை பெரில் பாதிக் கோப்பையில் ஊற்றுவதை நிறுத்தினாள்.

கொடி நான் நினைத்ததைவிட லேசு.
பிடியில் பையனின் சூடு இன்னும் இருந்தது.
அவன் சட்டை என் வயிற்றோடு மல்லுக்கட்டியது.

கோட்டில் நின்றால் அது வேறு ஆட்டம்.
பந்தைப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது.
கடைசித் தடுப்பாளனின் இடுப்பு, அதுதான் உன் உலகம்.
மூச்சு கேட்கிறது. பூட்ஸ் சேற்றைப் பிய்க்கும் சத்தம் கேட்கிறது.
எங்கள் கோல்கீப்பர் ஆஸ்கித்
ஒவ்வொரு உதைக்கு முன்பும்
"சரி சரி சரி" என்று தன்னையே சமாதானப்படுத்துகிறான்.
இத்தனை வருடமும் அவனைத் தைரியசாலி என்று நினைத்திருந்தேன்.

எண்பத்தொன்பதாம் நிமிடம்.
எல்லிஸ் தாக்ரே. பத்தொன்பது வயது.
ரொட்டி ஆலையில் இரவு வேலை, இருபத்திரண்டு ஆட்டம், ஒரு கோல் இல்லை.
நடுவிலிருந்து பந்து வந்தது,
அவன் ஓடினான்,
நீலக்கயிற்றால் ஒட்டுப்போட்ட வலை
ஒருமுறை உப்பி அடங்கியது.

கைகளை விரித்துக்கொண்டு அவன் வந்தது
மூலைக்கொடியிடம் அல்ல, என்னிடம்.
ஊர்க்காரன்தானே நான்.

அரையடி.
ஒரு முழங்கால், அவ்வளவே முன்னால்.
பார்க்காமல் இருக்கலாமா என்று யோசிக்கும் முன்பே
பார்த்துவிட்டேன்.
கை தானாக உயர்ந்தது என்று சொல்ல ஆசை.
தானாக உயரவில்லை.

அவன் விரித்த கைகள் மடங்கவில்லை.
அப்படியே நின்றன,
துணி காயப்போடும் கம்பி மாதிரி.
கிடங்குக்கு அப்பால் லீட்ஸ் போகும் ரயில் கடந்தது.
அதன் எல்லாப் பெட்டிகளையும் என்னால் எண்ண முடிந்தது.

பிறகு ஒரே ஒரு குரல். க்வென்டாவுடையது.
"கண்ணை வீட்டுல கழட்டி வச்சுட்டு வந்தியா?"
என் வாக்கியம்.
என் நிறுத்தம், என் கடைசி இழுப்பு கூட அப்படியே.
அதை நூற்று எண்பத்தாறு பேர் வாங்கிப் பாடினார்கள்.
கழுத்தின் அடியில் ஏதோ சூடாகத் தொடங்கி
காதுவரை ஏறியது.
நான் திரும்பவில்லை.

பூஜ்யம், பூஜ்யம்.
உறைந்த பட்டாணிப் பொட்டலத்தைக் காலில் வைத்தபடி
பெஞ்சிலிருந்த அந்தப் பையன் மட்டும்
"சரியான முடிவு" என்றான்.
ஆறுதலாக இல்லை.
தாக்ரே என்னைக் கடந்தபோது தரையைப் பார்த்தான்.
இன்றிரவும் அவனுக்கு வேலை.

டீ வாங்கினேன்.
பெரில் சில்லறையைச் சரியாக எண்ணி வைத்தாள்.
சர்க்கரை, என்றேன்.

"ஆஃப்சைடு" என்று சொல்லி
சன்னலை இறக்கினாள்.