பலகையில் ஆறு இல்லை

மதியம் ஒன்றே காலுக்கு
கான்சாஸ் சிட்டியில் கோதுமைச் சந்தை வாய்மூடும்.
ரயில் கூலி போக, கூட்டுறவின் பங்கு போக
மிச்சம் ஒரு எண்ணாக என் ஃபோனுக்கு வரும்.
ஒன்றரைக்குள் நான் ஏணியில் இருக்க வேண்டும்.

களஞ்சியத்தின் வாசலில்
காற்றுக்குச் சாய்ந்து நிற்கும் கறுப்புப் பலகை.
கோதுமை. மக்காச்சோளம். சோளம்.
அதற்கும் கீழே, பிற்பாடு யாரோ
ஆணியடித்துச் சேர்த்த டீசல்.

தகர எண்கள் ஒரு காபி டப்பாவில் கிடக்கின்றன.
ஆறு மட்டும் இல்லை.
மூன்று வருடம் முன் ஒரு மார்ச் மாதக் காற்று
பிடுங்கிக்கொண்டு போயிற்று.
ஒன்பதைத் தலைகீழாக மாட்டுகிறேன்.
துளை அடியில் போய்விடுவதால்
கம்பி சுற்றிக் கட்ட வேண்டும்.
குடித்தவன் போல ஒரு பக்கம் தொங்கும்.

நெடுஞ்சாலை தாண்டினால் நீளப் பாலம்,
பாலத்தின் நெற்றியில் பெயர்: ஆர்கன்சாஸ் ஆறு.
அடியில் மணல், டயர்த் தடம்,
பையன்கள் மோட்டார் பைக் விரட்டும் புழுதி.
அந்த ஆறும் இல்லை.

எல்ராய் டிரைலிங் மார்ச்சில் வந்தான்.
அன்று பலகையில் ஐந்து டாலர் முப்பத்தாறு.
"அர்டித், கடைசியில் இருப்பது ஆறா ஒன்பதா?"
"ஒன்பதாக இருந்தால் நான் ஏன் கம்பி கட்டுகிறேன்?"
சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்:
பத்தாயிரம் புஷல், ஜூனில் தருவதாக.
பச்சை அப்போது கணுக்கால் உயரம்தான்.
ஆனாலும் பச்சை.

ஏப்ரலில் எரிவாயு ஏறியது.
எங்கோ ஒரு கடலில் கப்பல்கள் நின்றனவாம்,
எங்கோ ஒரு நாட்டில் குளிர் விடவில்லையாம்.
அவன் கிணற்று பம்ப் எரிவாயுவில் ஓடுவது.
ஒரு வாரம் கணக்குப் போட்டான்,
பிறகு நிறுத்தினான்.
மழை வருமென்று ரேடியோ சொன்னது.
ரேடியோவுக்கு வயல் இல்லை.

மே முழுக்க நான் ஏணி ஏறினேன்.
நான்கு சென்ட். ஒன்பது சென்ட்.
ஒருநாள் பதின்மூன்று இறங்கியது,
டென்வர் பக்கம் ஒரு மேகத்தைப் பார்த்தார்களாம்.
மேகம் டென்வரிலேயே தங்கிவிட்டது.
மறுநாள் இருபது ஏறியது.

ஏறியதெல்லாம் எங்களால்.
எங்கள் கதிர் காய்ந்த செய்திக்குத்தான்
சந்தையில் அந்தக் கைதட்டல்.
விலை இருக்கும் நாளில் மணி இல்லை,
மணி இருந்த வருடம் விலையைக் கேட்காதே.

இன்று எல்ராயின் கடைசி லாரி எடைமேடையில் ஏறி இறங்கியது.
எல்லாம் சேர்த்து நான்காயிரத்துச் சொச்சம்.
குறைகிற ஆறாயிரத்தை
இன்றைய விலைக்கு வாங்கித்தான் கடனைத் தீர்க்க வேண்டும்.
இன்றைய விலையை மாட்டுகிறவள் நான்.

அவன் பிக்கப்பை விட்டு இறங்கவில்லை.
நான் ஏழை மாட்டுவதைப் பார்த்தான்.
புள்ளியைப் பார்த்தான். ஒன்று. எட்டு.
ஏணிக் கால் மணலில் புதைந்து ஆடியது;
அப்போதுதான் வந்து பிடித்துக்கொண்டான்.
என்னைத் திட்டியிருக்கலாம்.
திட்டினால் நன்றாகக்கூட இருந்திருக்கும்.

இறங்கியதும் சட்டைப் பையிலிருந்து
ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.
விளிம்பு மடங்கி, ஒரு பக்கம் துருவேறி,
வெள்ளைச் சாயம் பாதி உரிந்த தகரம்.
"பாலத்துக்குக் கீழே கிடந்தது.
நாய் கவ்விக்கொண்டு வந்தது" என்றான்.

ஆற்றில் கிடைத்த ஆறு.

பலகையை மேலிருந்து கீழாகப் பார்த்தோம்.
இன்றைய எந்த விலையிலும் அதற்கு இடமில்லை.
டப்பாவில் போட்டேன். சத்தம் கேட்டது.

"டீசல் எவ்வளவு?" என்றான்.
"இன்னும் மாற்றவில்லை.
இப்போதே போட்டுக்கொள்,
பழைய விலைக்கு எழுதிக்கொள்கிறேன்."

அவன் வண்டியைப் பம்ப் பக்கம் திருப்பினான்.
மணி ஒன்று முப்பத்தைந்து.
நான் ஏணியை நகர்த்தாமல்
கொஞ்ச நேரம் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.