கீழ்ப்பக்கம்

நான்காம் வரிசை, பதினோராம் அடுக்கு.
கணினிகளின் முதுகுக்குப் பின்னால் நின்றால்
முகத்தில் அறையவேண்டிய அனல்
இங்கே அறைவதில்லை.
கதவே ஒரு குளிர்ச் சுருள்.
அதன் செப்புக் குழாய்களுக்குள்
இருபது பாகையில் கொதிக்கிறது
ஒரு திரவம்.

ஆம், கொதிக்கிறது.
கொதிப்பதனால்தான் குளிர்விக்கிறது.
அடுப்பை மட்டும் பார்த்தவர்களிடம்
இதைச் சொல்லி ஒத்தீலியா அலுத்துவிட்டாள்.
சூட்டை வாங்கிக்கொண்டு ஆவியாகி
யாரும் தள்ளாமல் கூரைக்கு ஏறும்.
அங்கே காற்றிடம் அதைக் கொட்டிவிட்டுக்
கனத்து,
தன் எடையாலேயே இறங்கி வரும்.
பம்பு இல்லை.
தண்ணீர் லாரிக்குக் குடங்களை வரிசைவைக்கும்
கேரேத்தாரோவின் தெருக்களிடம்
ஒரு வாளிகூடக் கேட்பதில்லை.
அதற்காகவே அவளுக்கு
அதன்மேல் ஒரு பிரியம்.

இரவு இரண்டு நாற்பது.
சேமகலனில் மட்டம் இரண்டு விரல் இறங்கியிருந்தது.
எங்கோ கசிகிறது.
நிறமில்லை, மணமில்லை,
சொட்டிக் கறைவைக்கும் நாணயமும்
அதற்கு இல்லை.

மோப்பக் கருவியை நீட்டிக்கொண்டு
முழந்தாளில் நகர்ந்தாள்.
விசிறிகளின் இரைச்சலில்
அதன் சிணுங்கல் காதில் விழாது,
சிவப்பு விளக்கைத்தான் நம்பவேண்டும்.
ஏழாவதில் ஒருமுறை மின்னியது,
யாரோ தரை துடைத்த மருந்துக்கு.
பதினொன்றில் மின்னியது
நிற்கவில்லை.

சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவிக்
காத்திருந்தாள்.
முழங்கை வளைவின் அடியில்
கடுகளவு ஒரு குமிழி.
மெல்ல மிளகாயிற்று.
அதற்குமேல் வளர அதற்கு அவசரமில்லை.

பற்றவைத்தவர் இணைப்பின் அருகே
தம் குறியைக் குத்திவைக்க வேண்டும், விதி.
நெமேசியோவின் குறி பிறை.
அவனாகத்தான் இருக்கும் என்று
ஒரு வசவைத் தயாராக வைத்துக்கொண்டு
நுரையைத் துடைத்தாள்.

இரண்டு புள்ளி, ஒரு கோடு.
அவளுடையது.

வசவு வாயிலேயே நின்றது.

மூன்று வருடம் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை,
மறுநாள் ஒப்படைக்க வேண்டும்.
மேல்பக்கம் வெள்ளி உருகி ஓடி
மோதிரமாக மின்னியது.
அடியைப் பார்க்கக் கைப்பிடிக் கண்ணாடி வேண்டும்.
கண்ணாடி வண்டியில்.
வண்டி வாசலுக்கு வெளியே.
வாசலில் சோதனை இருபது நிமிடம்.
மேல்பக்கம் அவ்வளவு அழகாக இருந்தது.

வால்வை மூடினாள்.
வாயுவை உருளைக்குள் இழுத்துக்கொண்டாள்.
அடுக்கின் வேலைகளை இடம் மாற்றச் சொன்னாள்:
யாருடைய சம்பளப் பட்டியலோ
யாருடைய பாதிச் சண்டையோ
பக்கத்து அடுக்குக்குக் குடிபெயர்ந்தன.
தீயணைப்பானைக் குழந்தைபோல் இடுக்கிக்கொண்டு
காவலர் ஃபிதென்சியோ பக்கத்தில் நின்றார்.
இம்முறை தீயை அடியில் பிடித்தாள்.
வெள்ளி சூட்டைத் தேடித்தான் ஓடும்,
மேல் கீழ் அதற்குத் தெரியாது.
கண்ணாடியில் பார்த்தாள்.
முழு வளையம்.

வெற்றிடப் பம்பு ஓடவேண்டும் ஒரு மணி நேரம்.
கூரைக்குப் போனார்கள்.
வெப்பம் உதறும் விசிறிகளின் முன்னே
கம்பியில் ஃபிதென்சியோவின் காலுறைகள்.
ஒரு அடுக்கின் சூடு இன்று குறைவு என்பதை
அவை கண்டுகொள்ளவில்லை.
"எழுதப்போகிறாயா?" என்றார்.
அவள் பதில் சொல்லவில்லை.

படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தில்
எல்லோரும் எழுதுவது: அதிர்வு.
அதிர்வுக்கு முகவரி கிடையாது,
சம்பளத்தில் பிடித்தமும் கிடையாது.
பேனாவைத் திறந்து
இரண்டு புள்ளி வைத்தாள்.
கொஞ்சம் கழித்துக் கோட்டையும்.

அப்புறம்தான் நினைவு வந்தது,
அந்த வெள்ளிக்கிழமை
கண்ணாடியில்லாமல் பற்றவைத்தவை
இன்னும் பதின்மூன்று.

மறுபடி முழந்தாளிட்டாள்.
முதல் மூன்றும் சரி.
நான்காவதின் அடியில் தூசி.
துடைத்துப் பார்க்கவேண்டும்.