மணிக்கு நாற்பது

இரண்டு மணிக்கு வகுப்பு முடியும்.
இரண்டு ஐந்துக்கு
நூலகத்தின் பின்கதவில் செருப்பைக் கழற்றியிருப்பேன்.
பதிவேட்டில் கையெழுத்து,
பிறகு பார்கோடு.
ஒரு புத்தகம், ஒரு ஸ்டிக்கர்,
கட்டைவிரலால் ஒரு அழுத்தல்.
கரிம வேதியியல் மட்டும் பதினான்கு பிரதிகள்.
பதினான்கிலும்
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
காது மடக்கியிருக்கிறது.

மணிக்கு நாற்பது ரூபாய்.
படித்துக்கொண்டே சம்பாதிக்கும் திட்டமாம்.
மூன்று மாதமாகப் படித்துக்கொண்டே இருக்கிறோம்.

சேவுகன் கேண்டீனில்.
காலை ஆறரைக்கே வெங்காயம் உரிப்பான்.
முதல் பீரியடில்
அவன் உட்காரும் பெஞ்சு முழுக்கக் கண் கலங்கும்.
வெப்ப இயக்கவியல் நடத்தும் மேடம்
தன் பாடம்தான் நெஞ்சைத் தொட்டதென்று
குரலை இன்னும் கொஞ்சம் தாழ்த்துவார்.

ரஜபு நிஷா ஜெராக்ஸ் அறையில்.
யார் நோட்டை யார் நகலெடுக்கிறார்கள்,
யார் தேர்வுக்கு முந்தின ராத்திரி மட்டும்
மாணவராகிறார்கள்,
எல்லாம் அவளுக்குத் தெரியும்.
வாயைத் திறக்க மாட்டாள்.
பெருநாளைக்கு வைத்த மருதாணி மேல்
டோனர் கறுப்பு.

உமையாளுக்குத் திட்டத்தில் இடம் கிடைக்கவில்லை.
சனி ஞாயிறு கானாடுகாத்தான் போகிறாள்,
கல்யாணப் போட்டோ எடுக்க வருகிறவர்களுக்கு
வெள்ளித் தட்டி பிடிக்க.
யார் முகத்திலோ விழ வேண்டிய வெயில்
முதலில் அவள் கையில்தான் விழும்.
அத்தனை கதவு உள்ள வீடு,
அவள் டிபனைத் திறப்பது
வாசலில் நிற்கும் பைக் சீட்டின் மேல்.

கார்த்திகையில் ஒரு நாள்
சேவுகன் புத்தகத்தைத் தொலைத்தான்.
தேவகோட்டை பஸ்ஸில் தூக்கம்,
இறங்கும்போது கையில் குடை மட்டும்.
கணினியில் அவன் எண்ணை நான்தான் தட்டினேன்.
அறுநூற்று எண்பத்தைந்து என்றது.
நண்பனா என்று அது கேட்கவில்லை.
தாளின் ஓரத்தில் நாற்பதால் வகுத்தேன்:
பதினேழு மணி நேரம், ஏழரை நிமிடம்.
"எத்தனை மூட்டை வெங்காயம் தெரியுமா அது?"
என்றான், சிரித்த மாதிரி.
நான் ரசீது கிழித்தேன்.
அன்று சாயங்காலம் டீக்கு
இரண்டு பேரும் தனித்தனியாகக் காசு கொடுத்தோம்.

சம்பளம் ஒரு வியாழக்கிழமை வந்தது,
வகுப்பு நடுவில், மூன்று போன்களும் ஒன்றாக அதிர்ந்து.
அவனுடையதில் அறுநூற்று எண்பத்தைந்து குறைந்து.
செக்காலை ரோட்டில் பரோட்டா.
உமையாள் பர்ஸை எடுக்க,
நிஷா அதை வாங்கித் தன் துப்பட்டாவில் முடிந்துகொண்டாள்,
பில் வரும் வரை அவிழ்க்கவில்லை.

நாலு நாள் கழித்து ஒரு கண்டக்டர்
கல்லூரி வாட்ச்மேனிடம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.
கோணலாக ஒட்டியிருந்த ஸ்டிக்கரில்
கல்லூரிப் பெயர் இருந்ததாம்.
கோணல் என்னுடையது.

"கட்டின பணம் திரும்பாதும்மா,
கம்ப்யூட்டர்ல அதுக்கு வழியில்ல"
என்றார் திருஞானம் சார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அப்ப புஸ்தகம் அவனோடதுதானே?"

ஸ்டிக்கரை உரிக்க உட்கார்ந்தேன்.
ஒட்டத்தான் சம்பளம், உரிக்கக் கிடையாது.
நகத்தால் சுரண்டிச் சுரண்டி
முதல் நாலு கோடுகள் போகவே இல்லை.

அவன் சொந்தமாக வைத்திருக்கும்
முதல் பாடப்புத்தகம் அது.
முதல் பக்கத்தில் கட்டம் போட்டு
எங்கள் மூவர் பெயரும் எழுதினான்,
எதிரே தேதி.
கீழே ஒரு விதி:
தாமதமானால் நாளொன்றுக்கு ஒரு கிலோ உரிக்க வேண்டும்.

உமையாளுக்கு இப்போதே ஆறு கிலோ பாக்கி.

பதிவேட்டில் பதினான்கை அடித்து
பதிமூன்று என்று எழுதிவிட்டேன்.
ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில்
மாதிரித் தேர்வுக்குப் படிக்கிறோம்.
நிஷா சத்தமாக வாசிக்கிறாள்.
இருநூற்றுப் பன்னிரண்டு வந்ததும்
நிறுத்திவிட்டு எங்களைப் பார்க்கிறாள்.

யாருக்கும் புரியவில்லை.
மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னேன்.