நூற்று ஐம்பத்தெட்டு

அவள் முகத்தை நான் பார்த்ததில்லை.
எனக்கு அவள் அரை மில்லி ரத்தம்,
குழாயில் ஒட்டிய சீட்டு:
மைத்தேன் பரியா. பெண். இரண்டாம் நாள்.

புந்தா அரேனாஸின் காற்று
ஆய்வகச் சன்னலை வெளியிலிருந்து
திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.
இயந்திரம் எண்ணைத் தள்ளியது.
சோடியம் நூற்று ஐம்பத்தெட்டு.
பிழையென்று மறுபடி ஓட்டினேன்.
நூற்று ஐம்பத்தெட்டு.
நீரிணையிலிருந்து ஒரு கை உப்புத் தண்ணீர்
உள்ளே வந்துவிட்டதுபோல.

மூன்றாம் மாடியில் மணிக்கொரு தரம்
அணையாடையை எடைபோடுகிறார்கள்.
கனக்கிறது, கனக்கிறது, கனத்துக்கொண்டே இருக்கிறது.
போதும், நீரைப் பிடித்து வை என்று
சிறுநீரகத்துக்குச் சொல்ல ஆளில்லை.

"முன்மூளை இரண்டாகப் பிரிய மறந்துவிட்டது"
என்றார் டாக்டர் குசானோவிச் தொலைபேசியில்.
பிறகு, அந்தச் சொல் பிடிக்காமல்,
"பிரியவில்லை. அவ்வளவுதான்" என்றார்.

கார்டிசாலுக்கு எண்ணே வரவில்லை.
அளவுக்குக் கீழே என்று
வாய் பிளந்த மீன்குஞ்சு மாதிரி
ஒரு குறி மட்டும்.

உள்ளே வரக்கூடாது என்று எழுதிய கதவில்
அப்பன் வந்து நின்றான். எலெயுத்தேரியோ.
கையெல்லாம் ஆட்டுமயிரின் பிசுக்கு வாசம்.
"மூன்று வாரம் தாமதம் இவள்.
எங்கள் மந்தையில் ஒரு ஆடு இப்படித்தான்
நாள் கடந்தும் ஈனவில்லை.
நேரமாகிவிட்டது என்று குட்டிதான் சொல்ல வேண்டுமாம்,
தாய் காத்திருப்பதோடு சரி.
வைத்தியர் அறுத்துப் பார்த்தார்..."
நிறுத்திக்கொண்டான்.
"இவளும் சொல்லவில்லையா?"

மனிதருக்கு அது அத்தனை நேர்க்கணக்கில்லை என்றேன்.
உண்மைதான். ஆனாலும்
தப்பித்துக்கொள்கிறவள் குரலில் சொன்னேன்.

தைராய்டுக்குப் பதினெட்டு நிமிடம் ஆகும்.
அவன் போகவில்லை. நான் போகச் சொல்லவும் இல்லை.
வந்தது: தூண்டும் ஹார்மோன் இருக்கிறது,
சுரப்பியும் பதில் சொல்லியிருக்கிறது.
இரண்டும் அளவோடு.
மேல்மாடி கட்டாத வீட்டில்
யாரோ அடுப்புப் பற்றவைத்திருக்கிறார்கள்.

முடிவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.
நான் தாளை அவன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு
கை கழுவப் போனேன்.

மூன்றாம் நாள் நெலிதாவுக்குப் பால் கட்டியதாம்.
அவள் தலைக்குள் இருக்கும் பட்டாணிக்கு
யாரும் சேதி சொல்லவில்லை.
அது தன் வேலையைச் செய்தது.
சட்டை நனைந்தது.
பால் குழாய் வழியே போயிற்று, எட்டு மில்லி, பத்து மில்லி.

சொட்டுமருந்து தொடங்கினார்கள்.
நூற்று ஐம்பத்தைந்து.
நூற்று நாற்பத்தொன்பது.
ஒரு இரவு நூற்று முப்பதுக்கு விழுந்து
எல்லோரையும் ஓடவைத்தாள்.
பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.
எண்களிடம் அப்படி நினைக்கக்கூடாது.

பத்தொன்பதாம் நாள் அவன் மறுபடி கதவில்.
வீட்டுக்குக் கொண்டுபோகிறார்களாம்.
எத்தனை நாளுக்கு என்று அவன் சொல்லவில்லை,
டாக்டரும் சொல்லியிருக்கமாட்டார்.
"என்னிடம் இருப்பது மயிர்மூட்டை நிறுக்கும் தராசு.
அரைக் கிலோவுக்குக் கீழே அதற்குத் தெரியாது.
அணையாடை நிறுக்க எங்கே வாங்குவது?"

அலமாரியின் அடியில் பழைய மின்தராசு ஒன்று.
ஒரு மூலை உடைந்தது, திரை மங்கல்,
கிராம் பிசகாது.
துணியில் சுற்றிக் கொடுத்தேன்.

பொருட்கணக்கு ஏட்டில் அதன் நேரே
காரணம் எழுத வேண்டிய கட்டத்தில்
வெகுநேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு
'பழுது' என்று எழுதினேன்.