கூட்டாமல் குறைக்காமல்

லைட் ஸ்ட்ரீட் நீதிமன்றத்தில் பதினோரு வருடமாக
தமிழில் வருவதை மலாயில் இறக்கிவைக்கிறேன்.
விக்கலைக்கூட விடாமல் மாற்றிவிடுவாள் என்று
குமாஸ்தா ரோஸ்லான் கேலி செய்வார்.

இன்றைய வழக்கு
பிறையில் பழைய ரயில்வே குவார்ட்டர்ஸை இடிக்கையில்
மண்வாரி கிளறிய ஒரு குழந்தையின் எலும்புகள்.
முப்பத்து நான்கு வருடத்து மண்.
குற்றவாளிக் கூண்டில் ஞானமுத்து,
காதுக் கருவியைத் தட்டித் தட்டி.

சாட்சி தனபாக்கியம் சொன்னாள்:
“கொல்லப்பக்கம் ராத்திரி சத்தம் கேட்டுச்சு.
எட்டிப் பாத்தேன்.
இவரு மம்பட்டியோட நின்னாரு.”

நான் மலாயில் சொன்னேன்:
பின்பக்கம் இரவில் சத்தம் கேட்டது,
எட்டிப் பார்த்தேன்,
இவர் மண்வெட்டியோடு நின்றார்,
பைப்பு திறந்திருந்தது,
சிவப்பு வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

நீதிபதியின் பேனா நிற்காமல் ஓடியது.
ஞானமுத்து மட்டும் தட்டுவதை நிறுத்தினார்.
சாட்சியைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தார்,
எண்ணிக்கையில் ஒருவர் குறைகிறாரே என்று
இத்தனை காலம் யோசித்தவர் போல.

“பிறையில நாம குடியிருந்ததே இல்ல”
என்பாள் அம்மா.
நான் கேட்டதே இல்லை.
கேட்காததற்கு எதற்குப் பதில் என்று
இப்போதுதான் உறைக்கிறது.

ஏழு வயதுக்கு முந்தைய படம் ஒன்றுகூட
வீட்டில் கிடையாது. கரையான் தின்றுவிட்டதாம்.
கரையான் வருடம் பார்த்தா தின்னும்?

படுக்குமுன் மூன்று முறை எழுந்து
பைப்பை இறுக்குவேன்.
வருடத்துக்கு நான்கு வாஷர் தேய்கிறது.
தண்ணி பில்லுக்குப் பயந்தவள் என்று
நானும் நம்பியிருந்தேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். பெரிய ஆள்,
தாளைப் புரட்டியபடியே மலாயில் கேட்டார்:
அந்த வாளி எவ்வளவு பெரியது, சாட்சி சொல்லட்டும்.

கேள்வியைத் தமிழாக்கினேன்.
தனபாக்கியம் விழித்தாள்.
“எந்த வாளி?”

அதை மலாயில் சொல்ல வேண்டும். இரண்டே சொல்.
மின்விசிறி சுற்றுகிறது.
‘யாங் ஆரிஃப், பிழை என்னுடையது’
என்றும் சொல்லலாம். ஒரு நிமிட வேலை.
மேசை விளிம்பைப் பிடித்திருந்த என் கை
ஈரமாக இருந்தது.

அப்போது கூண்டிலிருந்து, மெதுவாக,
பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பேசுவது போல:
“வாளி நீலம்தான் பாப்பா.
தண்ணிதான்…”

அதோடு நிறுத்திக்கொண்டார்.
கருவியைக் கழற்றி
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

என்ன சொன்னார்? நீதிபதி கேட்கிறார்.
எல்லா முகமும் என் பக்கம்.

எனக்கு ஆறு வயது.
மலாய் இன்னும் தெரியாது.